அக்காவுக்குப் பின்னிய போர்வை

சூப்புக்கு உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டுவிட்டால், காய் வேகவேக நீர் வற்றி, இறக்கும்போது வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். இதைச் சொன்னால் என்னைப் பெரிய சமையல்காரி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்தது காய்கறி சூப், ஓட்ஸ் கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, பாலில் ஊறவைத்த ரொட்டி, அவ்வளவுதான். பல் இல்லாதவர்களும் பசி இல்லாதவர்களும் சாப்பிடுகிற சமையல்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்களே சார். காலையிலிருந்து சூப்பைப் பற்றித்தானே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். "அக்காவுக்கு சூப்புல என்னத்தக் கலந்து குடுத்தே?" என்று மேசையைத் தட்டித் தட்டி உங்கள் கைதான் சிவந்திருக்கிறது. என்ன உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் டாக்டர் அதற்கு மாற்று மருந்து கொடுக்க முடியும், அக்காவின் நாடி இறங்கிக்கொண்டே போகிறது என்றும் சொன்னீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. சொல்லமாட்டேன் என்றும் நான் சொல்லவில்லை. என் போர்வையையும் ஊசியையும் கொடுங்கள், ஓரம் பின்னி முடித்ததும் சொல்கிறேன் என்றேன். கொடுத்தீர்கள். அதுவரை வாயைச் சும்மா வைத்திருப்பானேன் என்று மற்றதையெல்லாம் சொல்கிறேன். கை பாட்டுக்குக் கை பின்னும்.

ஊசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று என் பக்கத்தில் விறைப்பாக நிற்கும் இந்தப் போலீஸ் பெண்ணிடம் சொல்லுங்கள். குரோஷா ஊசிக்கு முனையில் கூர் கிடையாது, ஒரு சின்னக் கொக்கிதான். இதுவோ வெறும் பிளாஸ்டிக். எனக்கு முரட்டு வேலை எதுவும் பிடிக்காது.

நான் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தவள். வருகிறவர்களை உட்காரவைத்து, பெயரைக் கேட்டு, முறை வந்ததும் உள்ளே அனுப்புகிற வேலை. கன்னம் வீங்கி வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்பெனி முதலாளியாக இருந்தாலும் சரி, தெருவையே மிரட்டுகிற ரௌடியாக இருந்தாலும் சரி, பல்வலி வந்துவிட்டால் பச்சைக் குழந்தைதான். "எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து போர்வை பின்னிக்கொண்டே, "பல்லைப் பிடுங்கின பிறகு சூப் குடிங்க, உருளைக்கிழங்கை மசிச்சுச் சாப்பிடுங்க" என்று செய்முறை சொல்லி அனுப்புவேன். கண்ணில் நீர் முட்டத் தலையாட்டுவார்கள். அதே ஆட்கள் மறுவாரம் கடைத்தெருவில் எதிரே வந்தால் என்னை யாரென்றே தெரியாது. டாக்டர் தொழிலை விட்டுவிட்டுத் தன் மகள் வீட்டுக்குப் போனதும் என் வேலையும் போயிற்று. அத்தான் இறந்து அக்கா தனியாக இருந்தாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக யாரையும் நான் ஒன்றும் செய்ததில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றும் வாய் ஓய்வு பெறவில்லை. வந்த அன்றே ஆசையாகச் சூப் வைத்துக் கொடுத்தேன். ஒரு கரண்டி குடித்துவிட்டு, "ஏண்டி, இதுல காய் போட்டியா, இல்ல காயைக் காட்டிட்டு எடுத்துட்டியா?" என்றாள். போர்வை பின்னித் தருகிறேன் என்றேன். "எனக்கு வேணாம்பா, அது குத்தும்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அக்கா அப்படித்தான் பேசுவாள் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தால் மட்டும் வலிக்காமல் இருக்குமா என்ன.

அவளுக்கு வேண்டாமென்றால் கட்டிடத்தில் வேறு ஆளா இல்லை. பின்னிப் பின்னிக் கொடுத்தேன். வாட்ச்மேன் தன் மோட்டார் சைக்கிளை மூடிவைத்தார். எதிர் வீட்டில் நாய்க்குப் போட்டார்கள்; அந்த நாயாவது அதை மதித்து அதன்மேல் படுத்தது. இன்னொரு வீட்டில் வர்ணம் அடிக்கும்போது சோபாமேல் விரித்துவைத்திருந்தார்கள், வெள்ளைச் சொட்டு சொட்டாக. ஒரு போர்வையில் எத்தனை ஆயிரம் முறை நூலைக் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும் தெரியுமா சார்? உங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. அதனால் நான் யாரையும் குறை சொல்லவில்லை.

இதோ, ஒரு பக்கம் ஓரம் முடிந்தது. கொஞ்சம் பொறுங்கள், மூலை திரும்ப வேண்டும். மூலையில் ஒரே துளைக்குள் மூன்று தடவை பின்னினால்தான் படிந்து திரும்பும்.

கீழ்வீட்டுத் தபால்காரரைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் அவரைப் பற்றிக் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். நான் தினமும் சூப் கொண்டுபோனேன். பக்கத்தில் உட்கார்ந்து பச்சை நூலில் போர்வை பின்னி, பின்னி முடித்த அன்றே போர்த்திவிட்டேன். அதுவரை என் கையை யாரும் பிடித்ததில்லை சார். அவர் பிடித்துக்கொண்டு, "நீங்க மனுஷியே இல்லம்மா, தெய்வம்" என்றார். சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். உப்பு போதுமா என்று கேட்டால், "அமிர்தம்" என்றார். மாடிப்படி ஏறி வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பிறகு அவருக்குக் குணமாகிவிட்டது.

ஒருநாள் வழக்கம்போல் சூப்போடு போனேன். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வேணாம்மா, நண்பர்களோட வெளிய சாப்பிடப் போறேன். நல்லா காரசாரமா சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார். சரி என்று திரும்பும்போது பின்கட்டில் வாஷிங் மெஷினைப் பார்த்தேன். அதன் காலடியில் என் பச்சைப் போர்வை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். கொஞ்சமும் கூச்சம் இல்லை, முகம் மலர்ந்துபோய், "நல்ல கனமா பின்னியிருக்கீங்கம்மா. இப்ப மெஷின் ஆடவே மாட்டேங்குது" என்றார். பாராட்டுகிறாராம்.

நான் அழவில்லை. மாடிக்கு வந்து உருளைக்கிழங்கு மசித்தேன். அன்றைக்கு என்றுமில்லாதபடி மாவு மாதிரி மசிந்தது.

அடுத்த வாரமே தபால்காரர் மறுபடி படுத்தார். ஆமாம் சார், என்னால்தான். எதைக் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள், அதுவும் அக்கா சமாச்சாரமும் ஒன்றுதான், கடைசியில் சேர்த்துச் சொல்கிறேன். போர்வையை மெஷினுக்கு அடியிலிருந்து உருவி, துவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி அவருக்குப் போர்த்தினேன். மறுபடி நான் தெய்வமானேன். அவர் செத்துப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எழுந்து மெஷின் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அவருடைய உடம்பு அவ்வளவு தாங்காது என்று யார் கண்டது. சாகும்போது கழுத்துவரை போர்த்தியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் போர்வையைத் தொட்டுப் பார்த்தார்கள். "என்ன வேலைப்பாடு, குடுத்து வச்ச மனுஷன்" என்று ஒரு அம்மாள் சொன்னார். நான் பின்னிய போர்வையை அது எதற்காகப் பின்னப்பட்டதோ அதற்காகவே ஒருவர் கடைசிவரை பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

உங்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. டீயைக் குடியுங்கள். எனக்கும் கொடுத்தீர்கள், ஒரு வாய் குடித்தேன். இன்னும் ஒரு ஆளைச் சொன்ன பிறகு என்னைப் பெரிய கொலைகாரி என்று சொல்வீர்கள். இந்த டீயைப் போட்டவரை யாரும் ஒன்றும் கேட்பதாகத் தெரியவில்லை.

அந்த இன்னொரு ஆள், முதல் மாடித் தையல்காரம்மா. அவர் தொழில் தெரிந்தவர். என் பின்னலைப் பார்த்துச் சரியாகக் குறை சொல்லக்கூடிய ஒரே மனுஷி. "இந்த வரிசை இறுகிக்கிடக்கு, அடுத்த வரிசை தொளதொளன்னு இருக்கு. யார் மேலயாவது கோவத்துல பின்னினீங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபமே வராது என்றேன். படியில் வழுக்கிக் கால் உடைந்து படுத்தபோது அவருக்கும் கஞ்சி கொண்டுபோனேன், ஊதா நூலில் ஒரு போர்வையும் பின்னிக் கொடுத்தேன். அந்தக் கால் உடைந்ததற்கு நான் பொறுப்பில்லை. படி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

கால் கூடியதும் அந்தம்மா என்ன செய்தார் தெரியுமா சார்? கத்தரியை எடுத்துப் போர்வையை வெட்டினார். சதுரம் சதுரமாக வெட்டி, ஓரத்தை மெஷினில் தைத்து, நாற்காலிக்குத் திண்டு உறை செய்துவிட்டார். எனக்கும் இரண்டு கொடுத்து, "பாருங்க, இப்பதான் உங்க வேலை எடுபடுது" என்றார். குரோஷாப் பின்னலை வெட்டக் கூடாது. ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்துக் கண்ணி, அதற்குப் பக்கத்துக் கண்ணி என்று எல்லாம் கழன்றுகொண்டே போகும். இது ஒரு தையல்காரிக்குத் தெரியாதா. தெரிந்தே வெட்டினார். நீங்கள் சட்டப்புத்தகத்தில் எதைக் கொலை என்று எழுதிவைத்திருக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. நான் அன்று பார்த்தது அதுதான்.

அவருக்கு இரண்டாவதாக ஒரு போர்வை பின்னினேன். அதை வெட்டுகிற அளவுக்கு அவர் கை எழவே இல்லை. கடைசி நாட்களில் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "என் சொந்தப் பொண்ணுகூட இப்படிப் பார்க்க மாட்டாம்மா" என்றார். அந்தப் பொண்ணும் வந்து என் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனாள். நான் ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லாமல் அவளுக்கும் சூப் கொடுத்தேன். அது நல்ல சூப்தான். உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

போன் அடிக்கிறது சார், எடுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்தா. இன்னும் இறங்கியிருக்கிறதா. சரி. பின்னிக்கொண்டுதான் இருக்கிறேன், நிறுத்தவில்லையே. இரண்டாவது பக்கமும் முடிந்து மூன்றாவதில் பாதி வந்துவிட்டேன். போர்வையைப் பிடுங்கிவிடுவேன் என்கிறீர்கள். பிடுங்கலாம். ஆனால் குரோஷாவில் உயிரோடு இருப்பது இந்த ஊசியில் மாட்டியிருக்கிற ஒரே ஒரு கண்ணிதான். பிடுங்கினால் அது நழுவி, நான் பின்னியதெல்லாம் பிரிந்து வந்துவிடும். அப்புறம் நான் முதலிலிருந்து பின்ன வேண்டும், நீங்கள் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அல்லது நான் வாயை மூடிக்கொண்டுவிடுவேன். எனக்கு இப்படியெல்லாம் பேசுவது பிடிக்கவில்லை. நீங்கள்தான் பேசவைக்கிறீர்கள்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னாள், "பையன் கூப்பிடறான்டி. அவனோட போய் இருக்கப் போறேன். இந்த வீட்ட வாடகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன்."

"அப்ப நான்?"

"உனக்கென்னடி, நூல் இருக்கு, ஊசி இருக்கு. எங்கயாவது ஒரு ரூம் பாத்துக்கோ."

சொல்லிவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என் சமையல் அவளுக்கு ஊறுகாய் இல்லாமல் இறங்காது. அவள் கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. ரேஷன் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாச் சாமான்களுக்கும் அவள் ஓர் இடம் யோசித்துவைத்திருந்தாள். எதை யாருக்குக் கொடுப்பது, எதை மூட்டை கட்டுவது என்று பேசிக்கொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் நூல்கடைக்குப் போனேன். என் தப்பு அங்கேதான் நடந்தது, நீங்கள் என்னைப் பிடித்ததற்கும் அதுதான் காரணம். நூல் விஷயம் உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். கம்பளி நூலைத் தொட்டி தொட்டியாகச் சாயத்தில் முக்குவார்கள். ஒரு தொட்டியில் முக்கிய நீலமும் அடுத்த தொட்டியில் முக்கிய நீலமும் பார்வைக்கு ஒன்றாக இருக்கும், பின்னி விரித்தால் பல்லை இளிக்கும். அதனால் ஒரு போர்வைக்கு வேண்டிய நூல்கண்டுகளையெல்லாம் ஒரே தொட்டியில் முக்கியதாகப் பார்த்து, முதலிலேயே மொத்தமாக வாங்கிவிட வேண்டும். பாதியில் போய் இன்னும் இரண்டு கண்டு கொடுங்கள் என்றால் கிடைக்காது. வெட்கமில்லாதவர்கள் வேண்டுமானால் இரண்டு நீலத்தைச் சேர்த்துப் பின்னலாம். நான் செய்யமாட்டேன்.

நூல்கடை அம்மாவுக்கு ஒரு பழக்கம். யாருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் நூலை இறக்குவார். வயதானவர்களுக்கு ஒரு மென்மை, குழந்தைகளுக்கு ஒரு மென்மை என்று பார்த்துக் கொடுப்பார். "இந்தச் சாம்பல் நீலம் யாருக்கு?" என்று கேட்டார். "அக்காவுக்கு. படுத்த படுக்கையா இருக்கா" என்றேன். அக்கா அன்றைக்குக் காலையில்தான் இரண்டு தெரு நடந்துபோய்ப் பழம் வாங்கி வந்திருந்தாள். நான் பொய் சொல்லவில்லை சார். கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன்.

தையல்காரம்மாவின் இரண்டாவது போர்வைக்கும் இப்படித்தான் முந்திச் சொல்லியிருந்தேன். அப்போது அது கடைக்கார அம்மாவுக்கு உறைக்கவில்லை. இந்தத் தடவை என் நேரம், அடுத்த நாளே அக்கா தன் பயணப் பைக்கு ஜிப் வாங்க அதே கடைக்குப் போய் நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. "உன் நூல்கடைக்காரி என்னப் பாத்து பேயப் பாத்த மாதிரி முழிச்சாடி. நான் படுத்துட்டேன்னு சொன்னியாமே?"

"நோயாளிக்குன்னா நல்ல நூலாத் தேடி எடுத்துத் தருவாங்கக்கா. அதான்."

"அப்ப செத்துட்டேன்னே சொல்லிருக்கலாமே. இன்னும் நல்லதா குடுத்திருப்பா."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அவ்வளவு நேரம் சேர்ந்து சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கே நான் எல்லாவற்றையும் விட்டிருக்கலாம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த நூல வீணாக்காத. வாட்ச்மேனுக்கு ஒண்ணு பின்னிக் குடு, வண்டி மூடறது கிழிஞ்சிடுச்சாம்" என்றாள். இதோ இந்த நூலை. தொட்டுப் பாருங்கள் சார், குத்துகிறதா?

அந்த வாரம் அக்கா படுத்தாள். வாந்தி, தலைசுற்றல், எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வயிற்றுக் கோளாறு என்று சொல்லி, லேசான ஆகாரம் கொடுக்கச் சொன்னார். லேசான ஆகாரத்துக்கு என்னைவிட்டால் யார். பையனிடம் அக்காவே போனில் சொன்னாள், இப்போதைக்கு வர முடியாது என்று. பயணப் பையை நான் எடுத்துப் பரண்மேல் போட்டேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தேன். அக்கா படுத்தபடி ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் சூப்பைக் குடித்துவிட்டு ஊறுகாய் கேட்கவில்லை. "நல்லா இருக்குடி" என்றாள். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்" என்றாள்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். "நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்." அதை எழுதாமல் விட்டால் நீங்கள் எழுதிய மற்றது எதற்கும் அர்த்தம் இல்லை. அந்த வார்த்தைக்காக நான் பிறந்ததிலிருந்து காத்திருந்தேன். அவளைக் கொல்ல வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் படுத்திருக்க வேண்டும், நான் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பது குற்றமா?

போர்வை வளர்ந்து ஓரம் மட்டும் பாக்கி இருக்கும்போது அக்கா ஒரேயடியாக மயங்கிவிட்டாள். ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன், அதையும் எழுதுங்கள். வாட்ச்மேன் கடைத்தெருவில் சொல்ல, நூல்கடை அம்மா கேள்விப்பட்டு நேராக உங்களிடம் வந்துவிட்டார். நல்ல நூல் வைத்திருக்கிறார் என்பதற்காக இத்தனை வருஷம் வேறு கடைக்கே போகாமல் இருந்தேன்.

கதவு திறக்கிறது. அக்கா பையன்தானே. வரட்டும் சார், தடுக்காதீர்கள்.

"சித்தி, சொல்லிடுங்க சித்தி. அம்மா செத்துடுவாங்க. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், கேஸ் வேணாம்னு எழுதிக் குடுக்கறேன். என்னன்னு மட்டும் சொல்லுங்க. காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

எழுந்திரு கண்ணா. தரையெல்லாம் ஒரே மண். ஒரு பக்கம்தான் பாக்கி.

பார்த்தீர்களா, அழுதுகொண்டே போகிறான். சின்ன வயதில் அவன் தொட்டிலுக்குப் பின்னிப் போட்டவளும் நான்தான். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை சார். ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இப்போதே நான் சொல்லிவிட்டால் அடுத்த நிமிஷம் என்ன ஆகும்? ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, போர்வையைச் சாட்சிப் பொருள் என்று ஒரு பையில் போட்டுக் கட்டி, ஏதோ ஓர் அலமாரியில் தூக்கிப்போடுவீர்கள். அதற்கப்புறம் யார் என்னைப் பின்னவிடுவார்கள்? அக்காவுக்கு நான் பின்னிய ஒரே போர்வை இது. முடிக்காமல் எப்படிக் கொடுப்பது.

இதோ, கடைசி மூலை திரும்பிவிட்டேன். இனி பேசமாட்டேன், பேசினால் எண்ணிக்கை தப்பும்.

ஆயிற்று. போலீஸ்காரம்மா, உன்னிடம் கத்தரி இருக்கிறதா? என்னிடம் கொடுக்க வேண்டாம், நீயே நறுக்கு. இங்கே. கொஞ்சம் வால் விட்டு நறுக்கு, அதை உள்ளே செருக வேண்டும். அப்படித்தான். நன்றி.

எழுதிக்கொள்ளுங்கள் சார். தபால்காரருக்கு இதயக் கோளாறு, அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியாததால் பிரித்துக் கொடுக்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். அந்த மாத்திரைதான். அவருக்கும் அதுதான், தையல்காரம்மாவுக்கும் அதுதான், அக்காவுக்கும் அதுதான். பொடித்து, சூப்பை இறக்கின பிறகு போடுவேன். அவர் போனதும் எடுத்துவந்ததில் மிச்சம் சமையலறையில் பொத்தான் டப்பாவுக்குள் இருக்கிறது, அட்டையில் பெயர் போட்டிருக்கும். மூன்று பேருக்கும் நான்தான் கொடுத்தேன். மறைக்க ஒன்றும் இல்லை. போங்கள், போன் பண்ணுங்கள்.

எவ்வளவு வேகமாக ஓடுகிறார் பாரேன். நீ உட்கார் அம்மா. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாய். இதைப் பிடி, எப்படி இருக்கிறது? தயங்காமல் தொடு. உனக்குப் பின்னத் தெரியுமா? சொல்லித்தருகிறேன், வெகு சுலபம். சாப்பிட்டாயா நீ? முகமெல்லாம் வாடிக்கிடக்கிறது.

வந்துவிட்டீர்களா சார். உட்காருங்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா, அக்கா எப்படி இருக்கிறாள்?

அப்படியா.

எப்போது?

நீங்கள் போனை எடுக்கும்போதே முடிந்துவிட்டதா. அரை மணிக்கு முன்னால் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராக்கும். டாக்டர்கள் சொல்வார்கள். அரை மணிக்கு முன்னால் நான் மூன்றாவது பக்கத்தில் இருந்தேன் சார். அங்கே நிறுத்தியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஓரம் இல்லாமல் சுருட்டிக்கொண்டு நிற்கும். அக்கா கணக்கு டீச்சர். கோணல்மாணலாக ஒன்றைக் கொடுத்தால் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது.